இங்வர் மலைராஜா ஆன கதை

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் இப்போதே இந்தச் சுடுதண்ணீர்த் தொட்டியை விட்டு எழுந்து போகலாம். வெளியே காற்று எப்படி அடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

யாரும் எழவில்லையா? அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். கம்பளிச் சட்டை மாதிரிதான். சட்டை இழுத்தால் நீளும். அதற்காக ஆடு பொய்யாகிவிடுமா?

தோர்கெல், ஸ்வாவா, நீங்கள் இரண்டு பேரும் அன்று மலையில் இருந்தவர்கள். கதை முடியும் வரை கழுத்தளவு தண்ணீரில் சும்மா கிடக்க வேண்டும். சரியா?

இங்வர் இரட்டைப் பிள்ளையில் இரண்டாமவன். அண்ணன் முதலில் போகட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தானாம். அண்ணன் வளர்ந்து நார்வேக்குப் போய்விட்டான். இவன் இன்னும் யாருக்காவது வழிவிட்டுக்கொண்டே இருக்கிறான். கூட்டுறவுக் கடையில் காப்பி வரிசையில் "நீ முதல்ல, நீ முதல்ல" என்று சொல்லிச் சொல்லி, காப்பி குடிக்காமலே வீடு திரும்பிய நாட்கள் உண்டு. தேவாலயத்தில் பாட நிற்க வைத்தால், பக்கத்தில் இருப்பவன் எதைப் பாடுகிறான் என்று கேட்டுவிட்டு அரை மூச்சு தள்ளிப் பாடுவான். புதிதாக வந்த பாதிரியார், கட்டடத்தில் எதிரொலி இருக்கிறது என்று சுவருக்குப் பலகை அடிக்க ஆள் தேடினார்.

அப்படிப்பட்டவனைத்தான் நாம் மலைராஜா ஆக்கினோம்.

வால்கார்ட் மலைராஜாவாக இருந்த வரைக்கும் கவலை இல்லை. செப்டம்பரில் மலையேறினால், கோடை முழுக்க இஷ்டத்துக்கு மேய்ந்த ஆடுகளைத் திரட்டிக் கீழே கொண்டுவரும் வரை அவர் வாயில் வந்ததுதான் சட்டம். போன வருடம் அவருடைய இடுப்பெலும்பு உடைந்தது. ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். தோர்கெல் நான்தான் ராஜா என்றான். ஸ்வாவா நான்தான் என்றாள். அவன் ராஜாவானால் இவள் ஆட்கள் குதிரையில் சேணம் பூட்ட மாட்டார்கள். இவள் ராஜாவானால் அவன் ஆட்கள் நாயைக் கூட அவிழ்க்க மாட்டார்கள். மண்டபக் கூரை இரண்டு விரல்கடை உயர்ந்துவிட்டது, அவ்வளவு சத்தம்.

கடைசியில் யாரோ கேட்டார்கள். "இங்வர் மேல யாருக்காவது கோவம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தோம். ஒருவருக்கும் இல்லை.

"அப்போ அவன்தான்!"

இங்வர் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். கைதட்டல் கேட்டு வெளியே வந்தவன், யாருக்கு என்று தெரியாமல் தானும் ஈரக்கையால் தட்டினான்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவி ஹால்பேராவிடம் கேட்டான். "எனக்கு ஏன் குடுத்தாங்க?"

"உன்னைப் பாத்தா யாருக்கும் பயம் இல்ல. அதான்."

"அது நல்லதா, கெட்டதா?"

"மலைக்குப் போயிட்டு வந்து நீயே சொல்லு."

தலை சுற்றியது அவனுக்கு. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வால்கார்டுக்கு போன் போட்டான்.

"ராஜான்னா என்ன பண்ணணும்?"

"கத்தணும்."

"என்னன்னு கத்தணும்?"

"எதையாவது கத்து. அவனவன் அவன் இஷ்டத்துக்குத்தான் போவான். நீ கத்தலேன்னா ராஜா தூங்கிட்டான்னு நெனப்பாங்க."

இங்வருக்கு இன்னும் குழம்பியது. கத்துவதால் நடக்கிறதா, நடப்பதால் கத்துகிறார்களா?

மலையில் முதல் நாட்கள் எப்படியோ ஓடின. கடைசி நாள் காலையில் வானொலியில் சொன்னார்கள், இரவு பனி கொட்டும் என்று. அதற்குள் ஆடுகள் இறங்கியாக வேண்டும். மேலே சிக்கினால் வசந்தத்தில் எலும்பைத்தான் பொறுக்க முடியும். பள்ளத்தாக்கில் இருக்கிற எல்லா வீட்டு ஆடும் அதில் இருந்தது. அதோடு மூடுபனி. இங்வருக்குத் தன் குதிரையின் காதே தெரியவில்லை. குதிரைக்கோ, மேலே ஆள் இருக்கிறானா இல்லையா என்று சந்தேகம்.

வாக்கிடாக்கியில் தோர்கெல் கத்தினான். "ஏரிக்கு இடப்பக்கமா போகணும்!"

"சரி," என்றான் இங்வர்.

ஸ்வாவா கத்தினாள். "வலப்பக்கம்! இடப்பக்கம் சதுப்பு நிலம்டா, அந்த மடையன் பேச்சைக் கேக்காதே!"

"சரி," என்றான் இங்வர்.

"நில்லுங்க, மூடுபனி விலகட்டும்," என்றார் யாரோ.

"அதுவும் சரி."

மூன்று சரியையும் கேட்டவர்கள் மூன்று திசையில் போனார்கள். இங்வர் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனான். வால்கார்ட் சொன்னது நினைவுக்கு வந்து, வாயில் வந்ததைக் கத்தினான். "யாரும் தனியா போகாதீங்க! பக்கத்துல இருக்கிறவங்க குரலைப் புடிச்சுக்கிட்டே வாங்க!"

நல்ல உத்தரவுதான். எல்லாரும் கேட்டார்கள். ஆளுக்கொரு "ஹோ" போட்டபடி, பக்கத்து "ஹோ"வை விடாமல் நடந்தார்கள். வெகுநேரம் நடந்தார்கள். வரிசையின் இடக் கோடியில் தோர்கெல், வலக் கோடியில் ஸ்வாவா. நடுவில் ஒரு மலையே இருக்க வேண்டும். திடீரென்று மூடுபனிக்குள்ளிருந்து இரண்டு குதிரைகள் மூக்கோடு மூக்கு முட்டின.

"நீ இங்க எங்கடீ வந்தே?"

"நீ என் பக்கத்துக்கு ஏண்டா வந்தே?"

வரிசை வளைந்து வளைந்து வட்டமாகிவிட்டது! எங்களையே நாங்கள் சுற்றி வளைத்திருந்தோம். அதைவிட அதிசயம், வட்டத்துக்கு நடுவில் அத்தனை ஆடும் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. முப்பது வருடம் ராஜாவாக இருந்த வால்கார்ட் ஒரு தடவை கூட இப்படி ஒட்டுமொத்தமாகப் பிடித்தது கிடையாது.

ஆனால் கீழே போகிற வழி எது? ஸ்வாவாவின் போன் குளிரில் செத்துவிட்டது. தோர்கெலின் வழிகாட்டிக் கருவி, நாம் ஏரிக்கு நடுவில் நிற்கிறோம் என்று அடித்துச் சொன்னது. எல்லா முகமும் இங்வர் பக்கம் திரும்பியது.

அவன் குதிரையை விட்டு இறங்கினான். தொப்பியைக் கழற்றினான். "எனக்குத் தெரியல," என்றான்.

மலைராஜா அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆடு கூட மெல்லுவதை நிறுத்திவிட்டது.

பிறகுதான் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். காலையில் காற்று இடது கன்னத்தில் அடித்தது என்றார் ஒருவர். பாறையில் சிவப்புப் பாசியைப் பார்த்தேன் என்றார் இன்னொருவர். தண்ணீர்ச் சத்தம் பின்னால் கேட்டதாக ஸ்வாவா சொன்னாள். தோர்கெல் அதற்கு, ஆமாம், எனக்கும் கேட்டது என்றான். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கீழே போக வழி தெற்கே. தெற்கு எது என்றால் மூன்று விரல் மூன்று பக்கம் நீண்டது.

அப்போது ஃபிளெக்கா நகர்ந்தது. இங்வரின் புள்ளி ஆடு. மந்தைக்கு முன்னால் நடப்பதற்கென்றே பிறந்த இனம். அது தலையைத் தூக்கி மூக்கை விரித்துவிட்டு, நேராக மேட்டைப் பார்த்து ஏற ஆரம்பித்தது.

"மறி அதை!" என்று கத்தினான் தோர்கெல். "மேல போகுது! மேல போனா பனிப்பாறைதான்!"

மற்றவர்களும் கையை விரித்து மறித்தார்கள். இங்வர் ஃபிளெக்காவையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். மறித்தால் இங்கேயே இரவு வந்துவிடும். விட்டால், ஊர் ஆட்டையெல்லாம் பனிப்பாறையில் கொண்டுபோய்த் தள்ளியவன் என்ற பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். வாழ்க்கையில் எத்தனை பேருக்கோ வழிவிட்டவன். இப்போதும் அதைத்தான் செய்தான். ஆனால் குரல் மட்டும் வேறு யாருடையதோ போல வந்தது.

"வழி விடுங்க. தப்பாப் போனா என் தலையில போடுங்க. தோர்கெல், உன் நாயை வெச்சுப் பின்னாடி ஒதுக்கு. ஸ்வாவா, ஓடைப் பக்கம் ஒண்ணும் நழுவாம பாத்துக்க."

இரண்டு பேரும் மறுபேச்சுப் பேசாமல் போனார்கள். மேடு முடிந்தது, மறுபக்கம் சரிந்தது. சரிவின் அடியில் வேலிக் கம்பி தட்டுப்பட்டது, பிறகு பாதை, பிறகு பால் பண்ணையின் விளக்கு. கடைசி ஆடு பட்டிக்குள் நுழையும்போது முதல் பனித்துகள் அதன் வாலில் விழுந்தது. சரி, வாலில் விழுந்தது நான் இழுத்தது.

வீட்டில் ஹால்பேரா சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "யாரு கூட்டிட்டு வந்தது?"

"நான் ஃபிளெக்கா பின்னாடி போனேன்," என்றான். "ஃபிளெக்கா திரும்பித் திரும்பி, நான் வர்றேனான்னு பாத்துக்கிட்டே போச்சு. நான் நின்னா அதுவும் நின்னுச்சு. யாரு யாரைக் கூட்டிட்டு வந்தோம்னு எனக்கே புரியல."

இதோ வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம், மறுபடி ராஜா தேர்தல். என்னைக் கேட்டால் இங்வரையே...

"என்னய்யா சும்மா சொல்றே!" தோர்கெல் தொட்டியிலிருந்து எழுந்துவிட்டான், உடம்பெல்லாம் ஆவி. "பின்னாடி என் நாய் தள்ளலேன்னா உங்க ஃபிளெக்கா இன்னும் அங்கேயே புல்லு தின்னுக்கிட்டு இருக்கும்!"

"நாயாம் நாய்! தண்ணிச் சத்தம் கேட்டதே நான்தான். நான் சொன்னப்புறம்தான் உனக்குக் காதே கேட்டுச்சு," என்றாள் ஸ்வாவா.

"ஆடுதாங்க ராஜா. அதுக்கு ஓட்டுப் போடுங்க," என்று ஓரத்தில் ஊறிக்கொண்டிருந்த பாதிரியார் சொன்னார்.

"பாதிரியாரே, நீங்க சுவத்துக்குப் பலகை அடிக்கப் பாத்த ஆளு, நீங்க பேசாதீங்க!" என்றான் தோர்கெல்.

"தெரியலன்னு சொன்னானே, அந்தத் தைரியம் உங்க ரெண்டு பேருக்கும் உண்டா?" என்று நான் கேட்டேன்.

"எனக்குத்தான் தெரியுமே, நான் ஏன் தெரியலன்னு சொல்லணும்?"

"தெரிஞ்சா ஏன்டா என் குதிரை மூக்குல வந்து முட்டினே?"

"ஏய், தண்ணியை மூஞ்சில அடிக்காதே!"

"நீதான்டி முதல்ல அடிச்சே!"