என் நெஞ்சில் வைத்த புனல்

நான் அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மகள் தீபிகா சாயங்காலம் படிக்கப் போகிற வீட்டுப் பக்கமே போனதில்லை. அங்கே எங்கள் தெருப் பெண் பவித்ரா சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறாள்.

ஒருநாள் தீபிகா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கு நெஞ்சு மெதுவாகத் துடிக்கும் என்று பாடம். அதைக் காட்ட ஒரு பெரியவர் வேண்டுமாம். "எங்க நைனாவைக் கூட்டிக்கினு வரேன் மிஸ்" என்று இவளே சொல்லியிருக்கிறாள்.

கூடம் நிறையப் பிள்ளைகள். நடுவில் என்னை உட்காரவைத்து, ரப்பர் குழாய் செருகிய புனலை என் நெஞ்சில் வைத்தார்கள். குழாயில் காதை வைத்த பையன் கத்தினான்.

"மிஸ், எங்களவிட இவருக்குத்தான் வேகமா அடிச்சிக்கினு கீது! குதிரை மாரி ஓடுது!"

எல்லோரும் சிரித்தார்கள். மகளின் மானத்தை வாங்கிவிட்டோமே என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

தீபிகா விடவில்லை. "சிரிக்காதீங்கடா. எங்க நைனாவுக்குக் கூச்சம். எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க. மிஸ், நீங்களுந்தான்!"

பவித்ராவும் சேர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தீபிகா என்னை ஒட்டி உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, குழாயைத் தன் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப மெதுவா அடிக்குது மிஸ்" என்றாள், தூங்குகிறவரை எழுப்பாத குரலில்.

என்னால் அவளுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்றுதான் அத்தனை நாள் ஒதுங்கி இருந்தேன். அவளோ என் கூச்சத்தோடு சேர்த்தே என்னைக் கூட்டிப் போயிருக்கிறாள்.