மாலை போட்ட ஜெனரேட்டர்

எங்கள் டிரெய்லரைப் பார்க்கிறவர்கள் முதலில் அதன் மூக்கைத்தான் பார்ப்பார்கள். வேனோடு கொக்கி மாட்டும் இரும்புச் சட்டத்தின் மேல், கம்பிவலைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சிவப்பு ஜெனரேட்டரைச் சொல்கிறேன். அதை அங்கே உட்கார வைத்தது நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம்கூட வெட்கம் கிடையாது.

என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகத்தில் மாட்டிக்கொள்ளும் மெஷின் ஓடினால்தான் படுக்கலாம். ஓர் இரவுகூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈப்போ நகரத்தில் எங்கள் வீட்டில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் அவர் பிறந்த தோட்டத்துக் கோயில் திருவிழாவில்தான். தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தபோது தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். அம்மன் கோயில் மட்டும் மின்கம்பி எட்டாத இடத்தில் நிற்கிறது.

அங்கே பால்குடம் எடுக்கிறவர்கள் முதல் நாள் மாலையே கையில் காப்புக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் மறுநாள் அபிஷேகம் முடிகிறவரை கோயில் எல்லையைத் தாண்டக்கூடாது. கோயில் வாடகைக்கு எடுக்கும் ஜெனரேட்டரையோ இரவுப் பூசை முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். அதனால் மெஷின் வந்த நாளிலிருந்து இவர் காப்புக் கட்டவில்லை. ஒவ்வொரு வருஷமும் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவோம். கோயில் மறைகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவார்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். இரண்டு பேர் படுக்கிற அளவில் பழைய டிரெய்லர் ஒன்று லகாட்டில் விலைக்கு வந்தது, கோயிலிலேயே தங்கலாம் என்று வாங்கிவிட்டேன், மெஷின் ஓட ஒரு ஜெனரேட்டரும். ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் கொழுந்தனுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது.

“பின்னால பம்பர்ல கட்டிருங்க அண்ணி. வேன் ஓட்டுறப்ப சத்தம் கேக்காது லா.”

“வேன் ஓடுறப்ப அது எதுக்குத் தம்பி ஓடப்போவுது? எனக்குக் காத்து வீசவா?”

இருந்தாலும் அவர் ஆசையைக் கெடுப்பானேன் என்று பின்னாலேயே கட்டி, கோப்பெங் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். ஓர் இறக்கத்தில் டிரெய்லரின் பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்து வேனையே இழுத்தது. பிரேக்கை மிதிக்காமல் மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினேன். கொழுந்தன் பிடித்த கைப்பிடியை விடவில்லை.

“முன்னாலயே வச்சிருவோம் அண்ணி,” என்றார்.

இரும்புக் கதவுப் பட்டறை முதலாளியான சீனத் தவுக்கேயிடம், பட்டறைத் தரையிலேயே சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை சுற்றி வந்து, “போலே, போலே,” என்று, முடியும் என மலாயில் சொல்லித் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். சட்டத்தின் குறுக்கே தடித்த தகடு, அதன் மேல் கூண்டு. அதிர்வு உள்ளே தெரியாமலிருக்க அடியில் பழைய டயரை வெட்டித் திண்டு வைத்தேன். புகைக்குழாய் கதவும் ஜன்னலும் இல்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நச்சுப்புகை உள்ளே வந்தால் மூச்சு மெஷின் இருந்து என்ன புண்ணியம்? அதற்கும் ஓர் அலாரம் வாங்கி மாட்டினேன். முன்பக்கம் பாரம் கூடியதால் தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் தள்ளி வைத்தேன்.

டயர் திண்டுகளைத் தடவிப் பார்த்து, “மரத்துல பால் வெட்டுன குடும்பத்துல வாக்கப்பட்டவ, ரப்பர விடுவாளா?” என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். அவர் அப்படிப் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

திருவிழாவுக்குப் போய், டிரெய்லரைக் கோயில் எல்லைக்குள்ளேயே நிறுத்தி இறங்கியதும் கொழுந்தன் பூசாரியைக் கையோடு கூட்டிவந்தார். புது மெஷினைப் பூசை போடாமல் ஓட்டலாமா? சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். கூண்டைச் சுற்றிக் கை தடிமனில் ஒரு சாமந்தி மாலை. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு இவர் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்து, மணிக்கட்டை என்னிடம் நீட்டிக் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஜெனரேட்டரை ஓட விட்டேன். அன்னதானப் பாத்திரங்களைக் கழுவி முடிப்பதற்குள் அதன் குரல் மாறி, இருமி, நின்றுவிட்டது. ஸ்டார்ட் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

“நான் உக்காந்தே இருந்துர்றேன்மா. ஒரு ராத்திரிதானே,” என்றார் இவர், காப்பைத் தடவிக்கொண்டே.

“உக்காந்தா உங்களுக்குத் தூக்கம் வராதாக்கும்! டிவி முன்னால உக்காந்த ஒடனே கொறட்ட விடுற ஆளு,” என்று எரிந்து விழுந்தேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. வறுபட்ட பூ வாசனை. குனிந்து பார்த்தால், இயந்திரம் காற்றை இழுக்கும் சல்லடை முழுக்கச் சாமந்தி இதழ்! மூச்சு மெஷினுக்காக வாங்கியதை மூச்சுத் திணற வைத்துவிட்டோம்.

மாலையில் கை வைத்ததும் கொழுந்தன் பதறினார். “அண்ணி, பூச போட்ட மால. இப்பவே கழட்டக்கூடாது லா.”

“அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன் தம்பி. நீங்க அந்தப் பல் பிரஷ்ஷ எடுங்க.”

மாலையைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தேன். திரும்பி வந்து பிரஷ்ஷால் இதழ் இதழாகச் சுரண்டி எடுத்தேன். சூடு ஆறும்வரை காத்திருந்து, கயிற்றை ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது. இவர் மெஷினை மாட்டிக்கொண்டு படுத்தார். விழித்திருந்து காவல் காப்பதாகத்தான் நினைத்தேன், ஆனால் அசதியில் நானும் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இவரைக் காணோம். வெளியே ஓடினேன். கோயில் எல்லையோர ஆற்றுப் பக்கமிருந்து மேளம் கேட்டது. செம்பனைகளுக்கு நடுவே பால்குடங்கள் வரிசையாக வந்தன. மஞ்சள் வேட்டியில், தலையில் குடத்தோடு இவரும் வந்தார்.

குடம் எடுத்தவர்கள் வழியில் நிற்கக்கூடாது. அதனால் அவர் நிற்கவில்லை. என்னைத் தாண்டும்போது மட்டும், நேரே பார்த்து நடந்தபடியே மெதுவாகச் சொன்னார்:

“நல்லாத் தூங்குனேன்மா.”