பேர் கூப்பிடாத எட்டு மாதங்கள்

1. பெட்டி வந்த நாள்

இலங்கை மலைநாட்டில், றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. இருபத்தாறு பிள்ளைகள், உதவிக்கு ஓர் ஆயா. அன்றன்று நடந்ததை அன்றே எழுதிவைப்பது என் பழக்கம்.

காலை ஏழரைக்கு முதல் வேலை, பேர் கூப்பிடுவது. "இருக்கேன் டீச்சர்!" என்று ஒவ்வொன்றும் கத்தும். இருபது நிமிடம் பிடிக்கும்.

2003 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, தொழிலாளர் நலனுக்குப் பொறுப்பான தோட்டத்து வெல்பெயார் ஐயா லொறியில் ஒரு டிவியும் சீடி பிளேயரும் கொண்டுவந்து இறக்கினார்.

"டீச்சர், இனி தொண்டத்தண்ணி வத்தக் கத்தவேணாம். சீடியப் போடுங்க. பாட்டு, கணக்கு, இங்கிலிஷ், எல்லாம் அதுவே சொல்லிக்குடுக்கும். பாக்க வர்றவங்க அசந்துருவாங்க."

2. அமைதி

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேர் கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணி டிக் போட்டேன். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. குறிப்பில் தினமும் "அமைதி" என்று எழுதினேன்.

எல்லோரிலும் அமைதி துளசி. மூன்று வயது. முன்வரிசையை விட்டு அசையமாட்டாள். அவள் தாய் கலைச்செல்வி பத்து மணிக்குக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இறங்கி வருவாள். வாசலில் நின்று, "துளசி! ஏ துளசி!" என்பாள். பிள்ளை திரும்பாது.

கூட வந்தவள் சிரிப்பாள்: "ஒம்மவ தொரைசானி ஆயிட்டாடி. கொழுந்துக்காரி கூப்பிட்டா திரும்புவாளா?"

"பெட்டியப் பாத்தா பெத்தவளத் தெரியல பாருங்க டீச்சர்" என்பாள் கலைச்செல்வி. நானும் சேர்ந்து சிரித்தேன். பார்வையாளர்கள் வந்தால் ஐயா துளசியைத்தான் காட்டுவார்: "எவ்வளவு கவனம் பாருங்க!" அவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

3. கரண்ட் போன காலை

செப்டெம்பரில் ஒரு மழை நாள், காலையிலேயே கரண்ட் இல்லை. பிள்ளைகள் அலறின. அடக்குவதற்காகப் பேர் கூப்பிடத் தொடங்கினேன். துளசி என்றதும் பதில் இல்லை. அணைந்து கிடந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் போய் ஒரு தகரத் தட்டைத் தரையில் போட்டேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பின. அவள் திரும்பவில்லை.

4. டாக்டரின் கேள்வி

நானும் கலைச்செல்வியும் அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடிக்கடி வந்த சளியால் இரண்டு காதுக்குள்ளும் நீர் தேங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். "எப்ப இருந்து கூப்பிட்டா திரும்பல?" என்று கேட்டார்.

கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். என் குறிப்பில் பெட்டி வருவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, "துளசி உரக்கப் பதில் சொன்னாள்" என்று இருந்தது. அதற்குப் பிறகு டிக் மட்டும்தான். குணப்படுத்தலாம், ஆனால் பேச்சு வளரவேண்டிய மாதங்கள் போய்விட்டன என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் கலைச்செல்வி சொன்னாள்: "நான் மலையில நிக்கிறேன் டீச்சர். எனக்குப் பத்து நிமிசந்தான். ஒங்களுக்கு முழு நாளும் இருந்திச்சே."

5. கழற்றிய வயர்

மறுநாள் டிவி வயரைக் கழற்றி அலுமாரியில் பூட்டினேன். ஐயா வந்து குதித்தார்.

"வெள்ளிக்கெழம கொழும்புல இருந்து ஆள் வருது! டிவியா அந்தப் புள்ள காத அடைச்சிச்சு?"

"இல்லைங்க ஐயா. ஆனா எட்டு மாசமா நான் அவளக் கூப்பிடல. காது கேக்காத புள்ளயக் காட்டி நீங்க பாராட்டு வாங்கினீங்க."

"தொரைக்கு ரிப்போட் எழுதவேண்டி வரும்."

"எழுதுங்க. காரணத்தையும் சேத்து எழுதுங்க."

ஐயா எழுதவில்லை. எழுதினால் அவர் பேரும் வரும்.

அடுத்த வருடம் துளசிக்குக் காது சரியாயிற்று. பேச்சு தேறவில்லை, ஒரு வருடம் பிந்தித்தான் பள்ளிக்கூடம் போனாள். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஐயா மீதும் என் மீதும். பெட்டி நாளெல்லாம் பேசும். பிள்ளைக்கு அது கேட்டதா என்று ஒருபோதும் பார்க்காது. அதைப் பார்ப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சத்தமே போடாத பிள்ளையிடம் முதலில் போங்கள். பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கும்வரை டிக் போடாதீர்கள்.