விளக்கு வைக்கிற நேரம்

என் வீட்டுக்காரர் பப்புவா நியூகினி பக்கம் ஒரு தீவுக்கு, செம்பனை எண்ணெய் ஆலையில் பாயிலர் ஓட்டப் போய் இரண்டு வருடம் முடியப்போன சமயம் அது. மலேசியாவில், செடெனாக் வீட்டில் நான் ஒருத்திதான். அவருடைய கடிகாரம் என்னுடையதைவிட இரண்டு மணி நேரம் முந்தி ஓடும். "உன்னவிட ரெண்டு மணி நேரம் மூத்தவன், மரியாதையா பேசு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவார். ஆலைக்குப் பின்னால் ஒரு மேடு. அதில் ஏறினால்தான் லைன் கிடைக்கும். அங்கேயும் எங்கள் ஊர்போல அதே செம்பனை மரம்தான், அதே ஆலை நாற்றம்தான். ஆனால் சந்தையில் வெற்றிலைபாக்கும் சர்க்கரைவள்ளியும் விற்கிற பெண்கள் வெளிச்சம் இருக்கும்போதே மூட்டை கட்டிவிடுவார்களாம். "இங்க சாயங்காலம்னு ஒண்ணு இல்லம்மா. பகல் பட்டுன்னு விழுந்துடுது" என்றார் ஒருநாள். அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. நான் வேலை செய்கிற எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். எத்தனை மணிக்கு விழுகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு அவர் குரல் ஒருமாதிரி இருந்தது. "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை காலையில பதில் சொல்லணும். நீ என்ன சொல்ற?"

வந்துவிடுங்கள் என்று வாய்வரை வந்தது. வீட்டுக் கடனும் கூடவே வந்தது.

"யோசிச்சுச் சொல்றேங்க."

"சரி. வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்பிடறேன்."

எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம் ஏழு மணி. பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கடைகளில் பல்பு எரியத் தொடங்கும். நானும் சாமிக்கு ஏற்றுவேன். அவருடைய ஏழில் இரண்டு போனால் எனக்கு ஐந்து. என் கணக்கு அவ்வளவுதான். புதன்கிழமையே சூப்பர்வைசரிடம் கெஞ்சி, மறுநாள் நாலே முக்காலுக்கு வெளியே வர அனுமதி வாங்கினேன். வேலை நேரத்தில் எங்கள் கைப்பேசி எல்லாம் லாக்கரில்தான் இருக்கும்.

வியாழக்கிழமை பகல் முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடன் இருந்தால் இருக்கட்டும். வந்துடுங்க.

லாக்கரைத் திறந்தேன். ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் நாலு மணியிலிருந்து நாலேகாலுக்குள். கீழே ஒரு செய்தி: "நீ எடுக்கல. 'இருங்க'ன்னு வாயால சொல்ல நீ சங்கடப்படறேன்னு புரியுது. கையெழுத்துப் போட்டுடறேன். உடம்பப் பாத்துக்க."

திருப்பி அடித்தேன். போகவில்லை. பஸ்ஸில் அடித்தேன், வீட்டில் அடித்தேன். இருட்டிவிட்டால் அந்த மேட்டில் யார் இருப்பார்கள்?

மறுநாள், என் பக்கத்தில் உட்கார்ந்து போர்டு சோதிக்கிற பெண்ணிடம் சொன்னேன். "அலமாக், ஐயோ அக்கா! அவரு சூரியனப் பாத்திருக்காரு, நீங்க கெடிகாரத்தப் பாத்திருக்கீங்க" என்றாள். வேறு நாளாக இருந்தால் அதையும் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"ஏங்க, அங்க எத்தன மணிக்கு இருட்டும்?"

"ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும். ஏன்?"

"இங்க ஏழுங்க."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர். இரண்டு வருடத்தில் மறந்துபோயிருக்கிறார்.

"அப்ப, அன்னிக்கு நீ என்ன சொல்ல இருந்த?"

"வந்துடுங்கன்னு."

"ரெண்டு வருஷம்தானே" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

இப்போதும் வேலையில் மணி நாலடித்தால் என் கை தானாக நின்றுவிடும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். பக்கத்துப் பெண் தலை நிமிராமலே கேட்பாள்.

"என்னக்கா, அங்க இருட்டிடுச்சா?"

"இருட்டிடுச்சுலா" என்று சொல்லிவிட்டு அடுத்த போர்டை எடுப்பேன்.