தடுப்பூசியும் வேப்பிலைக் கொத்தும்

தொண்ணூறுகளில் நாங்கள் கல்கத்தாவில் அலிப்பூர் பக்கம் ஒரு குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் மகள் கைக்குழந்தை. காலையில் அவர் விரலை நீட்டுவார், அவள் இறுக்கிப் பிடிப்பாள். அந்தப் பிடி கிடைக்காமல் மனுஷர் ஆபீஸ் கிளம்ப மாட்டார்.

தடுப்பூசி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. உள்ளங்கையிலும் பாதத்திலும் நீர்க்கொப்புளங்கள். நான் பதறி அவரைக் கூப்பிட்டேன். அவரோ பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா வந்திருக்கா. மருந்து கிருந்துன்னு பேசாதே. தாளிக்காதே."

பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினார். வேப்பிலையோடு இரண்டு கத்தரிக்காயும் வந்தது. அந்த ஊரில் வேப்பிலையைக் கத்தரிக்காயோடு வறுத்துச் சாப்பிடுவார்கள். சமையலுக்குத்தான் என்று நினைத்து காய்கறிக்காரன் சேர்த்துப் போட்டிருக்கிறான்! இவர் கொத்தை வாசலில் கட்டினார். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பெங்காலி அம்மாள் எட்டிப் பார்த்தார். பௌதி, அதாவது அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். "மாயேர் தயா" என்று கைகூப்பினார். அம்மைக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது, அம்மனின் கருணை என்று அர்த்தம். அவ்வளவுதான், இவருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. "பாத்தியா, பெங்காலிக்காரங்களே சொல்றாங்க!"

குழந்தை வழக்கம்போல அவர் விரலுக்காகக் கையை நீட்டினாள். கொப்புளம் உடைந்துவிடுமோ என்று அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். இவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

உடுப்பை அவிழ்த்து அவளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வயிறு, முதுகு, முகம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது வயிற்றில் ஊசி குத்த இடமில்லை.

"ஏங்க, அம்மை வந்தா உடம்பைத்தானே முதல்ல பிடிக்கும்? இது ஊசி போட்ட பிறகு வந்தது. நான் டாக்டர்கிட்ட போறேன்."

"அம்மா வீட்ல இருக்கறப்ப படி தாண்டக் கூடாதுடி!"

"மாரியாத்தாளும் பிள்ளை பெத்தவதான். கோவிச்சுக்க மாட்டா. நீங்க டாக்ஸி பிடிக்கிறீங்களா, நான் பிடிக்கட்டுமா?"

டாக்ஸி பிடித்தார். வழியெல்லாம் "தாயே மன்னிச்சுடு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தோல் டாக்டர் வயதானவர். கொப்புளங்களைப் பார்த்தார், ஊசி எப்போது போட்டோம் என்று விசாரித்தார், சோதனைக்கும் அனுப்பினார். முடிவு வந்ததும் சொன்னார்: "இது அம்மை இல்லை, ஒட்டாது. ரொம்ப அபூர்வமா சில குழந்தைங்களுக்குத் தடுப்பூசிக்கு அப்புறம் இப்படி வரும். களிம்புல அடங்கிடும்." அடுத்த ஊசியையும் விடக் கூடாது என்றும், ஆறியதும் அதைப் போடும்போது தானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அன்றைக்கே ரசத்துக்குக் கடுகு தாளித்தேன். அந்த வாசனைக்குப் பௌதி சந்தேஷ் என்ற பால் இனிப்போடு வந்துவிட்டார். கத்தரிக்காயை வீணாக்குவானேன் என்று வாசலில் இருந்த வேப்பிலையை உருவி, அவரே வறுத்தும் கொடுத்தார். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு! இவர் மட்டும் பிரசாதம்போல ஒரு இலை விடாமல் தின்றார்.

கொப்புளங்கள் மெல்ல மெல்ல வற்றின. அடுத்த ஊசிக்கு நாள் வந்தபோது குழந்தையை இறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரைக் கேலி செய்தவள் நான்தான். அன்றைக்கு அவர்தான் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பிறகு தினமும் விடிந்ததும் உள்ளங்கையை விரித்துப் பார்ப்போம். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. டாக்டரும் பார்த்துவிட்டு இனிப் பயமில்லை என்றார்.

மறுநாள் காலை அவர் சட்டை மாட்டிக்கொண்டு குனிந்து, தயங்கித் தயங்கி விரலை நீட்டினார். அவள் கப்பென்று பிடித்தாள். கீழே ஆபீஸ் பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ் போயிடும்" என்றேன்.

"போகட்டும்" என்றார்.