மேல் ஸட்ஜத்தில் ஒரு கைதட்டல்

செல்லப்பாவுக்குப் பத்துப் பன்னிரண்டு ராகங்களுக்கு மேல் பெயர் சொல்லத் தெரியாது. தென்காசியில் ஒரு ரைஸ் மில்லில் முப்பத்தோரு வருடம் மெஷின் ஓட்டியவர். ஆனாலும் தென்காசியிலோ குற்றாலத்திலோ கச்சேரி என்றால் முன்வரிசையில் வலது ஓர நாற்காலி அவருக்குத்தான். பெரிய ஞானம் என்று சொல்லிவிட முடியாது. பாடுகிறவர் மூச்சு வாங்க நிற்கிறாரா, முடித்துவிட்டு நிற்கிறாரா என்பதை அவர் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். அவர் தட்டினால் பின்னால் இருக்கிற நூறு பேரும் தட்டுவார்கள். அவர் சும்மா இருந்தால் சும்மா இருப்பார்கள். ஒரு மனிதனுக்குக் கிடைக்கக்கூடிய மதிப்பில் இது சின்னதுதான். அவருக்கு வேறு எதுவும் கிடைத்திருக்கவில்லை.

மில் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. இரண்டு வருடமாகப் பாடகரின் முகத்தையும் வயலின்காரரின் வில்லையும் பார்த்தே சமாளித்துவந்தார். ஒருவருக்கும் தெரியாது. ஆனி மாதம் காதுக்கு மெஷின் வாங்கினார். இதை வைத்தும் பாட்டுக் கேட்காவிட்டால் இனிக் கச்சேரிக்குப் போவதில்லை என்பது அவருடைய முடிவு.

மெஷினைப் பொருத்திய சுஜிதா சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள்.

"வெளிய உள்ள இரைச்சல், விசில் சத்தம் எல்லாத்தையும் இதுவே அமுக்கிரும் அண்ணாச்சி. ஆளு பேசுததை மட்டும் எடுத்துக் குடுக்கும்."

"பாட்டு கேக்குமாம்மா?"

"ஏன் கேக்காது? பாட்டும் வாயாலதான பாடுதாங்க."

அவள் ஒரு கச்சேரிக்கும் போனவள் இல்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆடி முதல் ஞாயிறு, மாலை நான்கு மணிக்குக் குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சும்மாதான் கிடந்தது. வெளியே சாரல். பாடுகிற நிவேதா சிவகிரிப் பெண். இந்தப் பக்கத்தில் அவளுக்கு இது முதல் முழுக் கச்சேரி.

பக்கத்து நாற்காலி, வழக்கம்போல, கடையநல்லூர் ஜவுளிக் கடைக்காரர் முகம்மது மீரானுக்கு.

"ஏலே, காதுல என்னலே அது? நான் துபாய்ல இருக்கயில எங்க மொதலாளி இப்பிடித்தான் ஒண்ண மாட்டிக்கிட்டுத் தன்னால பேசிட்டுத் திரிவான்."

"மெதுவாப் பேசுலே. நீ பாக்கு மெல்லுதது கூடக் கேக்குது."

"போச்சு. இனிமே ஒன்னப் பக்கத்துல வச்சுத் திட்ட முடியாது."

நிவேதா தொடங்கினாள். சுருதிப் பெட்டியின் சத்தம் வரவில்லை. குறைத்து வைத்திருக்கிறார்கள் போலும் என்று செல்லப்பா நினைத்துக்கொண்டார். ஆனால் பாட்டின் சொற்கள் எழுத்து எழுத்தாக வந்து விழுந்தன. மிருதங்கத்தின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காம்போதி ஆலாபனை வந்ததும், இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் படிப்படியாக ஏறினாள். மேல் ஸட்ஜத்தைப் பிடித்தாள். ஒரு கணம் அது கேட்டது. பிறகு நிசப்தம், துடைத்துவிட்டது மாதிரி.

முடித்துவிட்டாள், நல்ல இடத்தில் முடித்துவிட்டாள் என்று நினைத்தார் செல்லப்பா. "ஆஹா" என்று சத்தமாகச் சொல்லிக் கை தட்டினார். மண்டபம் முழுவதும் தட்டியது.

கண்ணைத் திறந்தார். நிவேதாவின் வாய் திறந்தே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வயலின்காரரின் வில் அவள் ஸ்வரத்தை ஒட்டி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்த ஒரே ஸ்வரத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய கைகளைப் பார்த்தாள். வாயை மூடினாள். அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்து வாசிக்கும்படி வயலினுக்குக் கை காட்டினாள்.

"என்னலே, புள்ள நின்னுக்கிட்டுல்லா இருந்தா?" என்றார் மீரான் காதோரம். "நீ தட்டுதியேன்னு நானும் தட்டிட்டேன்."

செல்லப்பாவுக்குச் சுஜிதா சொன்னது நினைவுக்கு வந்தது. நீட்டிப் பிடித்த ஒரே சத்தம். மெஷினுக்கு அது விசில். அமுக்கிவிட்டது.

கச்சேரி முடிந்ததும் நிவேதா அவரைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அதுக்கும் மேல, காந்தாரம் வரைக்கும் போய்ட்டு வரணும்னு நெனச்சேன் ஐயா. நாலு மாசமா அதுக்குத்தான் சாதகம். நீங்க தட்டுனதும் போதும்னு சொல்லுதீங்கன்னு புரிஞ்சிக்கிட்டேன். ஆசைல அலஞ்சிருப்பேன். இனிமே அங்கனயே முடிச்சிருதேன்."

"இல்லம்மா, அது வந்து…" என்றார். மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினைச் சொன்னால் இரண்டு வருடத்தையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் அவர் தட்டியதும் தட்டாததும் என்ன ஆவது? அவள் நின்று காத்திருந்தாள்.

"நல்லாருந்துச்சும்மா" என்றார்.

அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்று சுஜிதாவைப் போனில் கூப்பிட்டார். அவள் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக இருந்தது.

"அமுக்குததை நிப்பாட்டலாம் அண்ணாச்சி. ஆனா ஒங்க காதுக்குச் சத்தத்த நெறைய கூட்டி வச்சிருக்கு. நிப்பாட்டுனா மெஷினே கூவ ஆரம்பிச்சிரும்."

"வேற மெஷின்?"

"கோளாறு மெஷின்ல இல்ல அண்ணாச்சி. நரம்பு போனா போனதுதான்."

பஸ் வரவில்லை. அவரும் மீரானும் மெயின் அருவிப் பக்கம் நடந்தார்கள். மீரானிடம் எல்லாவற்றையும் சொன்னார். மீரான், அவருக்கு வழக்கமில்லாதபடி, கேலி எதுவும் பேசவில்லை.

அருவி நிறைந்து விழுந்துகொண்டிருந்தது. சத்தம் ஏதோ தூரத்துச் சலசலப்பாகத்தான் வந்தது. நேந்திரங்காய் சிப்ஸ் விற்பவர் யாரையோ அதட்டியது மட்டும் சொல் சொல்லாகக் கேட்டது.

"என்னலே, கேக்குதா?" என்றார் மீரான், அருவியைக் காட்டி.

"நீ பேசுதது கேக்குது" என்றார் செல்லப்பா.