டாக்டர் கேட்ட விஷமம்

என் தங்கை மாதுரி எர்ணாகுளத்துப் பக்கம் பள்ளுருத்தியில் மனநல ஆலோசகர். அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த தமிழர்கள். ஏன் இந்தப் படிப்பு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எங்க அம்மாகிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கல."

அம்மா ராக்கம்மாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டபோது மாதுரிக்கு ஐந்து வயது, எனக்குப் பதிமூன்று. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் எர்ணாகுளத்தில் உளவியல் படித்தாள். மேலே படிக்க இடம் கிடைக்காத இரண்டு வருடம் கலூரில் துணிக்கடையில் நின்றுகொண்டே நுழைவுத் தேர்வுக்குத் தயாரானாள். எம்.ஃபில். வரை போனாள்.

ஆனால் அம்மாவிடம் கேட்டார்கள். நான் கூட இருந்தேன்.

சாவதற்கு ஒரு மாதம் முன்பு, சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் கிடந்த அம்மாவை மட்டாஞ்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு மலையாளம் வராது. நான் மலையாளப் பள்ளியில் படித்தவன். டாக்டர் அம்மாவின் முகத்தையே பார்த்து, "மனசில் விஷமம் வல்லதும் உண்டோ?" என்றார். வருத்தம் ஏதாவது உண்டா என்று.

அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ் விஷமம்தான். "விஷமமா? எனக்கென்ன, இந்தப் பயல்ல வீட்ல விஷமக்காரன்!" என்று என் தலையில் தட்டினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

"அம்ம எந்தா பறஞ்ஞது?" அம்மா என்ன சொன்னார் என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. "ஒண்ணுமில்லா டாக்டரே" என்றேன். அவரும் சிரித்தபடி சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

இதை மாதுரியிடம் நான் சொன்னதே இல்லை. போன மாதம் அம்மாவின் திதியன்று, அவளுடைய ஆலோசனை அறையில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, வருகிறவர்களிடம் பேசும் அதே மெல்லிய குரலில், "நீ அப்போ சின்னப் பையன், அண்ணே" என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் சொந்தக் குரலில், "அதுக்கப்புறம் இருபத்தேழு வருஷமா நீ சின்னப் பையன் இல்லையே" என்றாள்.

 அன்று மாலை வரவேண்டியவர்களை எல்லாம் போனில் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அறையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

இப்போதும் நான் கூப்பிட்டால் எடுக்கிறாள். சாப்பிட்டாயா என்கிறாள். வேறெதுவும் என்னிடம் கேட்பதில்லை.